துண்டுக்குள் ஒரு கை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

சீட்டாட்டத்தைப் பற்றிக் கல்லூரி ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். மலர்க் குழுவில் உள்ள பேராசிரியர் ஒருவரே முதலில் அப்படித்தான் கேட்டார். “சூது என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே, தம்பி! அதற்கு மேல் நீ என்ன எழுதப் போகிறாய்?” என்றார். 94ஆம் அதிகாரம், பள்ளியில் நானும் மனப்பாடம் செய்ததுதான். நான் சூதைப் புகழ வரவில்லை என்றும், எதிரே அமர்ந்திருப்பவன் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று ஊகித்தறியும் கலை ஒன்று உண்டு, அதை ஒன்றரை ஆண்டாகப் பயின்று வருகிறேன் என்றும், அதில் பெற்றது கொஞ்சம் கணக்கு, இழந்தது நாலாயிரம் ரூபாய் என்றும் விளக்கினேன். “அப்படியானால் எழுது. ஆனால் இழந்ததை மறைக்காமல் எழுது” என்று அனுமதி தந்தார். அந்த நிபந்தனையின் பேரில் எழுதுகிறேன்.

எனது ஊர் மேச்சேரி. மேட்டூரிலிருந்து ஓமலூர் வழியாகச் சேலம் செல்லும் பேருந்தில் வருகிற நண்பர்களுக்கு எங்கள் ஊர் பத்ரகாளியம்மன் கோயிலாலும் ஆட்டுச் சந்தையாலும் தெரிந்திருக்கும். மேச்சேரி ஆடு என்றே ஓர் இனம் இருக்கிறது. செம்பழுப்பு நிறம், கம்பளி கிடையாது, குட்டை மயிர். கறிக்கும் தோலுக்கும் பேர் போனது. பக்கத்துப் பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே அரசு ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. என் தாத்தா அந்தச் சந்தையில் ஐம்பது வருடத்துக்கு மேலாகத் தரகர். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் கை படிக்கத் தெரியும்.

சந்தைப் பக்கம் போகாத நண்பர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. வாயால் சொன்னால் சுற்றி நிற்கும் நாலு வியாபாரிகளுக்கும் விலை தெரிந்துவிடும். ஆகவே தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து எதிராளியின் கைமேல் போட்டு, அதற்குள் விரல்களைப் பிடித்து விலை பேசுவார். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை என்று கணக்கு. அது நூறா ஆயிரமா என்பது முன்னால் நிற்கும் ஆட்டைப் பார்த்தாலே இருவருக்கும் விளங்கிவிடும். வெளியே இருவர் முகமும் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். சிறு வயதில் தாத்தாவோடு சந்தைக்குப் போகும்போதெல்லாம் அந்தத் துண்டு அசைவதைப் பார்த்து வியந்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், “அவன் வெரலு ஒரு வெலை சொல்லும், உள்ளங்கை வேற வெலை சொல்லும், சாமி” என்பார். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை.

இனிச் சீட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு கூடாது. அப்பா தறி ஓட்டுபவர். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கையில், மாசித் திருவிழா சமயத்தில், இரவு முழுவதும் பணம் வைத்து ரம்மி ஆடினார். விடிந்தபோது தொழுவத்தில் இரண்டு ஆடு குறைந்தது. அம்மா சத்தம் போடவில்லை. அப்பாவின் சட்டைப் பையில் இருந்த கட்டை எடுத்து ஒவ்வொரு சீட்டாக அடுப்பில் வைத்தார். ராஜாவும் ராணியும் சுருண்டு எரிந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதன்பின் அப்பா சீட்டைத் தொட்டதில்லை. நாங்களும் ‘கழுதை’ ஆடுவதற்குக்கூடப் பக்கத்துத் தெருவுக்குத்தான் போவோம்.

என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதில் பெருமை உண்டு, பயமும் உண்டு. முதலாண்டில் வகுப்பு இல்லாத நேரங்களில் எங்கே போய் உட்காருவது என்றே தெரியாமல் இருந்தவனை, விடுதியில் தங்கியிருந்த வகுப்புத் தோழர்கள் இருவர் தங்கள் அறைக்கு அழைத்தார்கள். ஒருவன் கொளத்தூர்க்காரன், மற்றவன் ஜலகண்டாபுரத்துக்காரன். அவர்களோடு வேதியியல் படிக்கும் நண்பன் ஒருவன். அவர்கள்தாம் எனக்குப் போக்கர் கற்றுத் தந்தவர்கள். காசு கிடையாது. ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. வேதியியல் நண்பன் வீட்டில் புளி வியாபாரம். கொட்டைக்குப் பஞ்சமே வந்ததில்லை.

போக்கர் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைத்துக் கொடுக்கப்படும். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விரிக்கப்படும்; முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு விரிப்புக்கும் முன்னும் பின்னும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். ஏழு சீட்டில் சிறந்த ஐந்து யாரிடம் இருக்கிறதோ அவருக்கு வெற்றி. எதிராளி எல்லாரும் விலகிவிட்டால், கையில் ஒன்றுமில்லாதவனும் வெல்லலாம். இந்தக் கடைசி விதியில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. எதிராளியின் கை தெரிந்தால் எப்போது விலகுவது, எப்போது நிற்பது என்று தெரியும். ஆனால் அந்தக் கை கவிழ்ந்து கிடக்கிறது.

முதல் மாதம் நான் முகத்தைப் பார்த்துத்தான் ஆடினேன். சினிமாவில் அப்படித்தானே காட்டுகிறார்கள்! கொளத்தூர் நண்பன் மூக்கைச் சொறிந்தால் நல்ல சீட்டு என்று ஒரு முடிவு கட்டியிருந்தேன். பிறகு தெரிந்தது, அவனுக்குச் சளி. என் புளியங்கொட்டைகள் ஓயாமல் அவனிடம் போய்ச் சேர்ந்தன.

அப்போதுதான் ஒரு நோட்டுப் போட்டேன். இந்தக் கட்டுரையில் பிறருக்குப் பயன்படக்கூடியது ஏதாவது இருக்குமானால் அது இந்த நோட்டுத்தான். விதி ஒன்றே ஒன்று: சீட்டைத் திறந்து காட்டுவதற்கு முன்னால் என் ஊகத்தை எழுதிவிட வேண்டும். திறந்தபின் மனம் பொய் சொல்லும். “எனக்கு அப்போதே தெரியும்” என்று அது சொல்லாத நாளே இல்லை. எழுதி வைத்தால் அந்தப் பொய்க்கு இடமில்லை. முதல் நாற்பது ஊகத்தில் சரியாக இருந்தவை மூன்று. நோட்டை மூடி வைத்துவிடலாமா என்று தோன்றிற்று.

என் தவறு எங்கே இருந்தது என்பதைக் காட்டியது சீட்டு அல்ல, நிகழ்தகவுப் பாடம். தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் கட்டுரை அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து 1763இல் அச்சேறியது. அதிலிருந்து வளர்ந்த தேற்றத்தை எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிவிட்டு, “புதுச் செய்தி வரும்போது பழைய நம்பிக்கையைத் தூக்கி எறியாதே, திருத்து” என்றார். நானோ ஒவ்வோர் ஆட்டத்திலும் ‘அவனிடம் ஏஸும் ராஜாவும்’ என்று ஒரே ஒரு கையை எழுதிக்கொண்டிருந்தேன். எழுத வேண்டியது ஒரு கையை அல்ல; இருக்கக்கூடிய கைகள் எல்லாவற்றையும். பிறகு ஒவ்வொரு பந்தயத்துக்கும் அதிலிருந்து அடித்துக்கொண்டே வர வேண்டும்.

52 சீட்டிலிருந்து இரண்டை எடுக்க 1326 வழி. அதில் ஒரு குறிப்பிட்ட ஜோடி, ஏஸ்-ஏஸ் என்று வைத்துக்கொள்வோம், வர 6 வழி. ஏஸ்-ராஜா வர 16 வழி. இது சீட்டைப் பார்ப்பதற்கு முன். இப்போது என் கையில் ஒரு ஏஸும் ஜாக்கியும் இருக்கின்றன. நடுவில் ஏஸ், 9, 4 விரிந்திருக்கின்றன. கொளத்தூர் நண்பன் ஏற்றிக் கட்டுகிறான். என் நெஞ்சு, “அவனிடம் இரண்டு ஏஸ்!” என்று அலறுகிறது. எண்ணிப் பார்த்தால், ஒரு ஏஸ் என்னிடம், ஒன்று தரையில், மீதி இரண்டுதான். அந்த இரண்டும் அவனிடமே இருக்க 1 வழி. ஏஸும் ராஜாவும் இருக்க 2 பெருக்கல் 4, ஆக 8 வழி. ஏஸும் ராணியும் இருக்க இன்னோர் 8. மூன்று ஒன்பது ஆக 3, மூன்று நான்கு ஆக 3. பயமுறுத்துவது ஒன்று, வாய்ப்பு உள்ளது வேறொன்று. அவன் சின்னச் சீட்டை வைத்துக்கொண்டு ஏற்றும் ஆள் அல்லன் என்பதும் நோட்டிலேயே இருந்தது. ஆகவே விலகினேன். ஏஸும் ராணியும் வைத்திருந்தான். இதை எழுதும்போது இரவு பத்து மணி. ஆனால் அந்தப் பகல் இரண்டு மணி வெயிலும் விடுதி மின்விசிறியின் ஓசையும் இன்னும் என் காதில் இருக்கின்றன. என் வாழ்வில் கணக்கு முதன்முதலாகத் தேர்வுத்தாளை விட்டு வெளியே வந்து நடந்த தருணம் அது.

மற்றொன்றும் கற்றேன். எதிராளி ஒவ்வொரு பந்தயத்தாலும் ஒரு கதை சொல்கிறான். அந்தக் கதை முதலிலிருந்து கடைசிவரை பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் தரையில் ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் 8, கிளாவர் 3. அடுத்து ஸ்பேட் 5, கடைசியில் டைமன் 2. ஜலகண்டாபுரத்து நண்பன் முதல் இரண்டு முறையும் நான் கட்டியதற்குச் சும்மா உடன் கட்டினான். கடைசிச் சீட்டு விழுந்ததும் கையிலிருந்த கொட்டை அனைத்தையும் தள்ளினான். என்னிடம் வெறும் எட்டு ஜோடி. ஆனால் அவன் ராஜா வைத்திருந்தால் இரண்டு சுற்றுப் பொறுத்திருக்கமாட்டான். நல்ல சீட்டு வந்தால் அவன் கால் தரையில் நிற்காது. பொறுத்திருந்தான் என்றால் எதற்காகவோ காத்திருந்தான். காத்திருந்தது மூன்றாவது ஆர்ட்டினுக்கு, அது வரவில்லை. கதை பொருந்தவில்லை. நின்றேன். ஆர்ட்டின் பத்தும் ஜாக்கியுமாகக் கவிழ்த்திருந்த பம்மாத்து வெளியே வந்தது. அன்று இரவு உணவுக்கு முட்டை அவன் செலவு.

இன்னொரு பழக்கம்: நான் விலகிவிட்ட ஆட்டங்களில்தான் அதிகம் எழுதுவேன். ஆடிக்கொண்டிருக்கும்போது கண் தன் சீட்டையே பார்க்கும். ஆசை கணக்கைக் கெடுக்கும். விலகி உட்கார்ந்தவனுக்கு இரண்டு பேர் கதையும் தெளிவாகக் கேட்கும். நூறு ஆட்டம், இருநூறு ஆட்டம் என்று நோட்டு நிறைந்தது. பட்டியலில் அடிக்காமல் விட்ட கைகளுக்குள் உண்மைக் கை இருப்பது மெல்ல மெல்ல மூன்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு வந்தது.

எங்கள் பேராசிரியரிடம் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் திட்டவில்லை. நளன் கதையைச் சொன்னார். மகாபாரதத்தில் வருவதும், தமிழில் புகழேந்தி நளவெண்பாவாகப் பாடியதுமான அதே கதைதான். சூதில் நாட்டை இழந்த நளன், உருமாறி, அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருக்கிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைக் காட்டி, அதில் இத்தனை இலை, இத்தனை காய் என்று இருதுபன்னன் பார்த்த மாத்திரத்தில் சொல்கிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, மரத்தை வீழ்த்தி, எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது. தன் குதிரை வித்தையைக் கொடுத்து அந்த எண் வித்தையையும் காய் உருட்டும் வித்தையையும் அவனிடமிருந்து பெற்றுக்கொள்கிறான். பிறகு புட்கரனோடு மீண்டும் ஆடி நாட்டை மீட்கிறான். “கொஞ்சத்தைப் பார்த்து முழுவதை மதிப்பிடுவதுதான் புள்ளியியல். அது நம் கதையிலேயே சூதோடு சேர்ந்தே வருகிறது பார்” என்றார். எனக்கோ நளன் மரத்தை வெட்டி எண்ணினான் என்பதுதான் பிடித்திருந்தது. அவனும் ஒரு நோட்டுப் போட்டவன்.

அதே கதையில் நான் கவனிக்கத் தவறியது ஒன்று: எண் வித்தை அவனுக்கு வந்தது நாட்டை இழந்த பிறகு.

2024 டிசம்பரில், கையில் ஒரு வித்தை வந்துவிட்டது என்ற தலைக்கனத்தில், பணம் வைத்துப் போக்கர் ஆடும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கினேன். என் கணக்கில் பணம் இருந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் தொடங்கியிருந்தது. நாலு மாதப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். தை மாதம் ஒரு பெட்டைக் குட்டி வாங்கி வளர்க்க வேண்டும், மீதிப் பணம் தாத்தா போடுவார் என்பது அம்மாவின் திட்டம். எரிந்த சீட்டுக்கட்டுக்குப் பின் எங்கள் தொழுவம் பழைய எண்ணிக்கைக்கு வரவே இல்லை.

முதல் மூன்று இரவில் 340 ரூபாய் வென்றேன். பிறகு நடந்ததை விரித்து எழுத எனக்குத் தெம்பில்லை. பதினோரு இரவில் நாலாயிரமும் போயிற்று. கடைசி இரவு மணி ஒன்றே முக்கால். தறிச் சத்தம் நின்றுபோன வீட்டில் போர்வைக்குள் ஒளிந்து ஆடிக்கொண்டிருந்தேன்.

ஏன் தோற்றேன் என்று பிறகு அதே நோட்டில் நாலு பக்கம் எழுதினேன். அங்கே எதிராளிக்கு முகம் இல்லை என்பது காரணம் அல்ல. முகத்தை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அங்கே எதிராளிக்கு முன்கதை இல்லை. கொளத்தூர் நண்பன் சின்னச் சீட்டில் ஏற்றமாட்டான் என்று அறிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. கைப்பேசியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பெயர் வந்து உட்காரும். அதற்கு என்னை எத்தனை நாளாகத் தெரியுமோ! ஒவ்வொரு குவியலிலிருந்தும் செயலிக்காரர்கள் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார்கள். நால்வரும் சமத் திறமையுடன் ஆடினாலும் நால்வரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வார்கள். புளியங்கொட்டையில் அந்தக் கழிவு இல்லை. எல்லாவற்றையும்விட, தோற்க ஆரம்பித்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பதினோரு இரவுக்கும் சேர்த்து நோட்டில் ஆறே வரி. ஊகம் எழுதாதவன் எதிராளியின் கையைப் படிக்கவில்லை. தன் ஆசையைப் படித்துக்கொண்டிருக்கிறான்.

இந்த ஆட்டங்கள் திறமையா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்களிலேயே நீண்ட வாதம் நடந்திருக்கிறது. ரம்மியில் விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைப் போடுவது என்ற திறமை வேண்டும், ஆகவே அது மூன்று சீட்டுப் போல் வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று 1967இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று அட்டவணையில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இரண்டையும் அதிலிருந்து நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமை அதிர்ஷ்டம் என்ற பேதமே பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு அனைத்தையும் தடுத்துச் சட்டம் செய்தது. என்னைக் கேட்டால் இதில் திறமை உண்டு என்றுதான் சாட்சி சொல்வேன். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் லிப்ரடஸ் என்ற கணினி நிரல் தொழில்முறை ஆட்டக்காரர் நால்வரோடு 1,20,000 ஆட்டம் ஆடி வென்றது. வெறும் அதிர்ஷ்டத்தில் அத்தனை ஆட்டம் வெல்ல முடியாது. ஆனால் அந்த நிரலுக்குத் தூக்கம் வராது. நாலாயிரம் போய்விட்டதே, மீட்க வேண்டுமே என்ற எண்ணமும் வராது. என் திறமைக்கு அந்த எண்ணம் வந்தது.

இப்போது பேராசிரியரின் நிபந்தனைப்படி எழுத வேண்டிய பகுதி.

தை மாதச் சந்தை நாள். “குட்டி பாத்து வெச்சிருக்கேன், பணத்தோட வா” என்று தாத்தா சொல்லி அனுப்பியிருந்தார். பணம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. விலை படியாமல் போய்விடும் என்ற நப்பாசையில் வெறும் பையோடு போனேன். வனவாசிப் பக்கத்து விவசாயி ஒருவர் ஐந்து மாதப் பெட்டைக் குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல செம்பழுப்பு, நெற்றியில் கீறல்கூட இல்லை. தாத்தா துண்டைப் போட்டார். அரை நிமிடத்தில் எடுத்தார். ஐயாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே, “படிச்ச புள்ளையும் பழகட்டும். உன் வெலைய சொல்லு, சாமி” என்று என் கைமேல் துண்டைப் போட்டார்.

என் விரல் எதையும் சொல்லவில்லை. அவர் கை என் கையைப் பிடித்தபடியே இருந்தது. காய்ப்பேறிய கை அது. ஆட்டுக் கயிறு உரசி உரசித் தோல் மரத்துப் போன கை. சிரிப்பு மெல்ல நின்றது. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பையனுக்குப் புடிக்கலையாம்ப்பா. அடுத்த வாரம் பாப்போம்” என்றார்.

விலை முடிந்தபின் பின்வாங்குவது சந்தையில் எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத் தெரியும். அந்த விவசாயி சும்மா விடவில்லை. “ஐம்பது வருசத் தரகு பண்ணி இதுதான் உம்ம வாக்கா?” என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கேட்டார். தாத்தா பதில் பேசவில்லை. குட்டியின் முதுகை ஒருமுறை தடவிவிட்டு நடந்தார்.

டீக்கடைப் பலகையில் உட்கார்ந்ததும் மறுபடியும் துண்டு என் கைமேல் விழுந்தது. “எத்தினி?” என்றார். அவருடைய நாலு விரலைப் பிடித்தேன்.

“நூறா?”

“இல்லைங்க, தாத்தா.”

டீ வந்தது. பாதி குடித்தபின், “சீட்டா?” என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். “உங்கப்பன் கையும் ஒருக்கா இப்படித்தான் வேர்த்துச்சு” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வீடு வரும்வரை அவர் பின்னாலேயே நடந்தேன்.

அம்மாவிடம் அவர் சொன்னது, “குட்டி சரியில்ல, கோடையில பாக்கலாம்” என்பது. பங்குனி கழிந்து சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போனேன். நாளுக்கு 500 ரூபாய். எட்டு முகூர்த்தம். எட்டாவது நாள் இரவு சாம்பார் வாளியைக் கழுவி வைத்துவிட்டுப் பணத்தை எண்ணியபோது, 340 ரூபாய் வென்ற இரவில் வந்த மகிழ்ச்சி நினைவுக்கு வந்தது, வெட்கமாக இருந்தது. அடுத்த சந்தையில் குட்டி வாங்கினோம். தாத்தா அந்த வனவாசிக்காரரையே தேடிப் பிடித்து, அவரிடமே வாங்கினார். கேட்டதற்கு மேல் நூறு ரூபாய் அதிகம் வைத்தார். அந்த நூறு எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

நோட்டு இன்னும் இருக்கிறது. புளியங்கொட்டை ஆட்டமும் இருக்கிறது. செயலியை அன்றே நீக்கிவிட்டேன். இந்த ஆண்டு பொங்கல் விடுமுறையில் தாத்தா அந்த நோட்டை எடுத்து வரச் சொன்னார். எழுத்துத் தெரியாதவருக்குப் பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினேன். யாரிடம் என்ன இருக்கும் என்று நினைத்தேன், ஏன் நினைத்தேன், கடைசியில் என்ன இருந்தது என்று எல்லாவற்றையும். வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஜலகண்டாபுரத்துக்காரன் காத்திருந்த கதை வந்தபோது மட்டும், “ஆமா, விக்கிறவன் அவசரப்படலைன்னா எதையோ மறைக்கிறான்” என்றார். பிறகு, “இதுல தப்பு எத்தினி?” என்று கேட்டார். மூன்றுக்கு ஒன்று என்றேன். “சந்தையில அத்தினி தப்பு பண்ணியிருந்தா உங்கப்பன நான் வளத்திருக்க முடியாது” என்று சிரித்தார். அந்தத் தை மாதத்துக்குப் பின் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பார். என் பெயர் அச்சில் வந்தால் கட்டாயம் கடைசிவரை படிப்பார். மலர் அச்சாகி என் பையில் வீட்டுக்கு வரும் நாளுக்கு முன்னால் நானே சொல்லிவிடுவதாகத் தாத்தாவிடம் துண்டுக்குள் கை கொடுத்திருக்கிறேன். ஆடு இப்போது சினையாக இருக்கிறது.